ஓட்டை மட்டும் பார்த்து இனம் சொல்லலாமா?

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்து ஏரி ஒன்றின் பாசியையும் வேர்க்கொடியையும் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசினால் தங்கும் சிறு நத்தைகளை முதல் பார்வையிலேயே நான்கு கூட்டமாகப் பிரித்துவிடலாம். தட்டையாகச் சுருண்டவை, வாயில் மூடி உள்ளவை, சுருளே இல்லாமல் குல்லாய் போல் இலையில் ஒட்டியிருப்பவை, பெரிய இனங்களின் குஞ்சுகள். கறிக்கு நத்தை பொறுக்குபவர்கள் பெரிய நத்தையான பைலாவை எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிடுவார்கள். இவை வேண்டியிருப்பது கால்நடை மருத்துவருக்கும் ஒட்டுண்ணி ஆய்வாளருக்கும்தான். அவர்களுடைய வேலையில் கூட்டத்தின் பெயர் போதாது, இனத்தின் பெயர் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டை வைத்து வகைப்படுத்தும் கலைக்கு இந்த மண்ணில் பெரிய வரலாறு உண்டு. அப்போதைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரிடேசியஸ் பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு எழுதிய அறிக்கை 1862இல் வந்தது. அங்கே கிடைத்த வயிற்றுக்காலிகளை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக விவரித்தார். அவை கடல்வாழ் உயிர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்தவை என்பதால் ஓடும் அச்சும் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஓட்டின் வாய், சுருள், வரிகள் ஆகியவற்றைக் கொண்டு பெயரிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அதே ஸ்டோலிச்கா 1870களின் தொடக்கத்தில் மௌல்மேன், பினாங்கு நிலநத்தைகளைப் பற்றி எழுதியபோது உடலை அறுத்து உள்ளுறுப்புகளையும் வரைந்திருக்கிறார். கையில் உயிர் இருக்கும்போது ஓட்டோடு நின்றுவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரியலூர்ப் பாறைக்குப் பொருந்திய முறையை அரியலூர் ஏரிக்கும் அப்படியே பயன்படுத்தும் வழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் விந்தை.

இந்திய நன்னீர் நத்தைகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் ஓட்டின் மேல் எழுந்தது. ஓ. எஃப். முல்லர் 1774இல் பெயரிட்ட மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா சோழமண்டலக் கரையிலிருந்து போனது. 1915இல் வெளிவந்த பிரெஸ்டனின் நூல் இனங்களை ஏறக்குறைய ஓட்டைக் கொண்டே விவரித்தது. அன்னண்டேலும் பைனி பிரசாத்தும் அடுத்த சில ஆண்டுகளில் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துப் பல பெயர்களைத் திருத்தினார்கள். 1989இல் சுப்பாராவ் எழுதிய கையேடுதான் இன்றும் கள ஆய்வாளர் பையில் இருப்பது. நல்ல நூல். ஆனால் அதைத் திறப்பவர் படத்தையும் அளவையும் ஒப்பிட்டுவிட்டு மூடிவிடுகிறார்.

அதன் விலை தட்டைச் சுருள் நத்தைகளில் தெளிவாகத் தெரியும். இந்தோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ் முழு வளர்ச்சியில் 2 சென்டிமீட்டரைத் தாண்டும். அப்போது யாரும் தவறவிடுவதில்லை. அதன் குஞ்சு 5 மில்லிமீட்டரில் இருக்கும்போது, துவரம்பருப்பு அளவேயான முழு வளர்ச்சி பெற்ற ஜைராலஸோடு ஒரே தட்டில் கலந்துவிடும். இந்தோபிளானோர்பிஸ் மாடுகளின் இரத்தநாளப் புழுக்களான ஷிஸ்டோசோமா ஸ்பிண்டேல், இண்டிகம், நாசேல் மூன்றுக்கும் இடைநிலை விருந்தோம்பி. இவற்றுள் நாசேல் மாட்டின் மூக்குக்குள் கட்டிகளை உண்டாக்கி, குறட்டை விடுவது போல் மூச்சுவிட வைக்கும். அந்தப் புழுவை அனந்த நாராயண ராவ் 1933இல் சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்தே விவரித்தார். ஜைராலஸ் இந்தப் புழுக்களைச் சுமப்பதாகத் தெரியவில்லை. அதற்கு உரியவை வேறு தட்டைப்புழுக்கள். ஒரு குளத்தின் பட்டியலில் இரண்டும் இடம் மாறினால், மாடு தண்ணீர் குடிக்கும் துறையைப் பற்றிய அறிவுரையும் தவறிப்போகும்.

வேறுபாட்டைக் காண்பது கடினமல்ல. இந்தோபிளானோர்பிஸ் குஞ்சின் சுருள் உயரமானது, வாய் சட்டென அகலும். ஜைராலஸின் ஓடு 2 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஐயம் இருந்தால் நுண்ணோக்கியின் கீழ் அறுக்க வேண்டும். ஜைராலஸின் ஆண்குறி நுனியில் கூரிய முள் ஒன்று உண்டு. புரோஸ்டேட் சுரப்பியின் கிளைகள் ஒரே வரிசையில் சீப்புப் பற்கள் போல் நிற்கும். ஜைராலஸ் இனங்களைத் தமக்குள் பிரிக்க உள்ளுறுப்புகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதை மையர்-புரூக் 1983இல் விரிவாக நிறுவினார். இந்தியாவில் கன்வெக்சியஸ்குலஸ், லேபியேட்டஸ், ரோட்டுலா என்று எழுதப்படும் பெயர்களில் எத்தனை இந்தச் சோதனையைக் கடந்தவை என்று கேட்டால் பதில் சங்கடமாகவே இருக்கும்.

குல்லாய் நத்தையான ஃபெரிசியாவின் கதை இன்னும் கூர்மையானது. 3, 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள இது, நீர் வற்றும்போது ஓட்டின் வாயைப் பாதி அடைத்து உட்சுவர் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். சுவர் கட்டிய ஓட்டைக் கண்டவர்கள் அதை குண்ட்லாக்கியா என்ற வேறு பேரினத்தில் சேர்த்தார்கள். பருவத்தால் வந்த வடிவம் பேரினமாகிவிட்டது! கோடையில் தரை தெரிய வற்றும் ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஓடு கிடைத்தால் வியப்பில்லை. வட அமெரிக்காவில் ஓட்டைக் கொண்டு பிரித்த பல ஃபெரிசியா இனங்கள், 2010இல் வெளியான மரபணு ஆய்வில் இரண்டாகச் சுருங்கின. இந்தியாவில் இந்தப் பேரினத்துக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்து கிம்வி கிராமத்தில் மனிதர்களின் சிறுநீரில் ஷிஸ்டோசோமா முட்டைகள் கண்டதாக 1952இல் காட்கிலும் ஷாவும் அறிவித்தார்கள். இடைநிலை விருந்தோம்பியாக ஃபெரிசியா டெனுயிஸ் சுட்டப்பட்டது. அது சரிதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூடியுள்ளவற்றில் குழப்பம் வேறு வகை. பித்தினியா குடும்பத்து டிகோனியோஸ்டோமாவுக்கும் காப்பியாவுக்கும் மூடி சுண்ணாம்பாலானது. வளையத்துக்குள் வளையமாக வளர்ந்தது. மெலனாய்டஸின் மூடி கொம்புப் பொருளாலானது, சுருள் கோடு கொண்டது. மெலனாய்டஸ் தன் கழுத்துப் பகுதிப் பைக்குள் குஞ்சுகளை வளர்த்து 1, 2 மில்லிமீட்டரில் வெளியே விடும். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டை மட்டும் வைத்திருப்பவர் இந்தக் குஞ்சை ஒரு புதிய சிற்றினமாகக் கருத இடமுண்டு. மேலும் மெலனாய்டஸ் பெரும்பாலும் ஆண் இன்றிப் பெருகுவது. ஒவ்வொரு பெண்வழியும் தனக்கென ஒரு வரியும் நிறமும் கொண்டிருக்க, ‘இனம்’ என்ற சொல்லே அங்கு தளர்ந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மேற்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல். சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்குகிறது. கிழக்கே உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளையும் செம்மண். ஓடு சுண்ணாம்பால் ஆவது. ஆகவே ஒரே இனம் ஒரு நீரில் தடித்தும் மற்றொன்றில் மெலிந்தும் வளரக்கூடும். தடிப்பை இன அடையாளமாகக் கொள்வது இங்கே குறிப்பாக ஆபத்தானது. லிம்னியா லுட்டியோலாவின் ஓட்டு வேறுபாடுகளுக்கு முன்பு வழங்கிய ஆஸ்ட்ராலிஸ், சக்சினியா, இம்பியூரா முதலிய பெயர்கள் பின்னர் ஒரே இனத்தின் வடிவங்களாக அடங்கியதை நினைத்துக்கொள்ளலாம்.

மரபணு வரிசை எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். அது லுட்டியோலாவை 2018இல் ராசெசினா என்ற பேரினத்துக்கு மாற்றியது. எக்சஸ்டஸ் என்ற ஒரே பெயருக்குள் பல தனிக் கிளைகள் இருப்பதையும் காட்டியது. ஆனால் ஓடும் உடலும் பாதுகாக்கப்படாத நத்தையின் வரிசை, தவறான பெயரோடு தரவுத்தளத்தில் ஏறினால் அடுத்தவரையும் தவறவிடும்.

செய்யவேண்டியது எளிது. உயிருள்ள நத்தையை மென்தால் போட்ட நீரில் இரவு முழுதும் தளர்த்திவிட்டு, உடற்கூறுக்கு 70 சதவீத எத்தனாலிலும் மரபணுவுக்கு 95 சதவீதத்திலும் வைக்க வேண்டும். ஃபார்மலின் மரபணுவைக் கெடுக்கும், அமிலமேறினால் ஓட்டையும் கரைக்கும். மூடி அதே குப்பியில் இருக்க வேண்டும். சீட்டில் ஏரியின் பெயர், ஊர், ஆயக்கூறு, நாள், நீர் இருந்ததா வற்றியிருந்ததா என்பது, எந்தச் செடியில் ஒட்டியிருந்தது என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புபவர் எந்த உறுப்பைப் பார்த்து இனம் சொன்னார் என்பதையும், மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். காய்ந்த ஓடு மட்டுமே கிடைத்திருந்தால் ‘ஜைராலஸ் பேரினம்’ என்று எழுதி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.