முதலில் நீதி, பிறகு சமாதானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது ரோமர் நிருபம் 5ஆம் அதிகாரம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மனிதர் தம் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறார். அதனால் தேவனோடு சமாதானம் பெறுகிறார் என்று முக்கால் மணி நேரம் நன்றாகவே பேசினார்.

ஆராதனை முடிந்ததும் அக்காவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். அக்காவின் கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. அவர் சொன்னார்: "பொறுமையா இரும்மா. அவருக்குப் பிடிச்ச மாதிரி நடந்துக்கோ. சமாதானமாப் போயிரு."

அக்கா கேட்டாள்: "ஆண்டவரோட எனக்குச் சண்டை ஒண்ணும் இல்லையே ஐயா. அடிக்கிறவர்கிட்ட நான் ஏன் சமாதானம் கேக்கணும்?"

அவர் ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். மூன்று மாதத்தில் அக்கா கை முறிந்து திரும்பி வந்தாள்.

ஒரே காலையில், ஒரே வாயிலிருந்து இரண்டு சுவிசேஷங்கள். பிரசங்க மேடையில் கிருபை. மேடையை விட்டு இறங்கியதும், பெண்ணுக்கு மட்டும், கிரியை.

இந்தக் கோட்பாட்டை உலகறியச் செய்த மார்ட்டின் லூத்தர் ஒரு துறவி. உபவாசம், இராவிழிப்பு, ஓயாத பாவ அறிக்கை என்று எல்லாம் செய்தும் 'நான் செய்தது போதுமா?' என்ற பயம் அவரை விடவில்லை. போதுமா என்ற கேள்வியே தவறு, ஏற்றுக்கொள்ளப்படுவது இலவசம் என்று கண்டபோதுதான் மூச்சு விட்டார். அந்தப் பயம் நமக்குப் புதிதா? குழம்பில் உப்புப் போதுமா, கொண்டுவந்த நகை போதுமா, குரல் போதுமான அளவு தாழ்ந்திருக்கிறதா என்று தினமும் கேட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். இலவசம் என்ற செய்தி முதலில் நம் காதில்தான் விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. சொல்லையே பாருங்கள். நீதிமான் என்பது ஆண்பால் சொல். பெண்ணுக்கென்று எங்கள் மேடைகளில் புழங்கும் சொல் 'குணசாலியான ஸ்திரீ'. நீதிமான் ஆவதற்கு விசுவாசம் போதும். குணசாலி ஆவதற்கோ இருட்டோடு எழ வேண்டும், இரவில் விளக்கு அணையக் கூடாது. நீதிமொழிகள் 31இல் அதே பெண் வயல் வாங்குகிறாள், வியாபாரம் செய்கிறாள். பிரசங்கத்தில் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அத்தான் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுதார். மறு வாரமே சபை அவரைப் புது மனுஷன் என்றது. அவருக்கு விசுவாசம் போதுமாம். அந்தப் புது மனுஷனிடம் திரும்பிப் போவதுதான் அக்கா செய்ய வேண்டிய கிரியையாம். "ரெண்டு பேரும் பாவிகள்தானே" என்றும் சொன்னார்கள். பாவியை நீதிமானாக்குவது வேறு, பாவத்தை நியாயப்படுத்துவது வேறு. சகேயு மனம் திரும்பியபோது, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். எங்கள் அத்தான் மருத்துவச் செலவைக்கூடத் தரவில்லை.

சட்டமும் இதே கதைதான். 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு, மனைவி பிறரோடு உறவு வைத்தாள் என்ற ஒரு காரணமே போதும். மனைவிக்கோ கணவனின் கொடுமை மட்டும் போதாது. கூடவே அவனது பிறன்மனை உறவையும் நிரூபிக்க வேண்டும். 2001இல் திருத்தப்படும் வரை, 130 ஆண்டுகளுக்கு மேல், சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

'இந்தக் கோட்பாட்டையே தூக்கிப் போடு' என்கிறார்கள் என் தோழிகள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. 1960இல் வேலரி செய்விங் என்ற அமெரிக்க இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் அகந்தை என்பது ஆண் அனுபவத்திலிருந்து வந்த விளக்கம். பெண்ணின் சோதனை தன்னையே இல்லாமலாக்கிக்கொள்வது என்றார். ஏற்கெனவே குனிந்திருப்பவளிடம் இன்னும் குனி என்பது நற்செய்தி ஆகாது.

ஆனாலும் நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். விசுவாசத்தினால் நீதி என்பது உண்மையானால், எந்தக் கணவனுக்கும், மாமியாருக்கும், ஐயருக்கும் எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரம் கிடையாது. மேல் கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. நீதிமானாக்குதல் என்று பவுல் எழுதியதும் நீதிமன்றத்துச் சொல்தான். அவர் வைத்த வரிசையையும் கவனியுங்கள்: முதலில் நீதி, அதன் கனியாகச் சமாதானம். நம்மிடம் மட்டும் வரிசையைத் திருப்பிப் போடுகிறார்கள். முதலில் சமாதானமாகப் போ, நீதியைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. தேவனோடு உள்ள சமாதானம், அடிக்கிறவனோடு செய்துகொள்ளும் ராஜி அல்ல.

அக்கா இப்போது தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அதே கோயிலுக்குத்தான் வருகிறாள். திருவிருந்து ஆராதனையில் சமாதானத்தைக் கைக்குக் கை பரிமாறும் நேரம் ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு அக்காவும் கை கொடுக்கிறாள். அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை.