வராத போர்

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்திலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் இரண்டு பேச்சு கிளம்பும். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளைத் தடை செய்ய வேண்டும் என்பது முதல் பேச்சு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்தது வரும்: தடை செய்தால் உள்நாட்டுப் போர்தான், ஜனங்களிடம் இருக்கும் 2 கோடிக்கு மேற்பட்ட ரைஃபிள்களில் ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டார்கள், வாங்கப் போகிற போலீஸ்காரர் வீடு திரும்ப மாட்டார். துப்பாக்கிக்காரர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் வீறாப்பு என்று விட்டுவிடலாம். தடையை விரும்புகிறவர்களும் பயந்துபோய் இதையே சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு படமும் உண்டு. 2000 மே மாதம் தேசிய ரைஃபிள் சங்க மாநாட்டில் அதன் தலைவர் சார்ல்டன் ஹெஸ்டன் பழங்காலத் துப்பாக்கி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, செத்துக் குளிர்ந்த என் கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்று முழங்கினார். சினிமாவில் மோசேயாக வந்து செங்கடலைப் பிளந்தவர். மேடையை எப்படி ஆள்வது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வசனத்தை வைத்து வரலாற்றை ஊகிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ரைஃபிள் தடை புதிய சங்கதி அல்ல. பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பதிவாகி இருக்கிறது.

ஆயுதக் கிளர்ச்சி வெடிக்கும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1994 செப்டம்பர் 13 அன்று கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் இத்தகைய ரைஃபிள்களின் புதிய உற்பத்தியையும் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்தியது. பத்தாண்டு இருந்து 2004-இல் தானாகக் காலாவதியானது. கலிபோர்னியாவில் 1989 முதல் தடை உண்டு. நியூஜெர்சியில் 1990 முதல். இல்லினாயும் வாஷிங்டன் மாநிலமும் 2023-இல் போட்டன. எங்கும் படை திரளவில்லை. மிக நெருங்கி வந்ததாகச் சொல்லப்படுவது வர்ஜீனியா. 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்ட் நகரில் ஏறத்தாழ 22 ஆயிரம் பேர் கூடினார்கள். பலர் தோளில் ரைஃபிள். கலவரம் வரும் என்று ஆளுநர் அவசரநிலையே அறிவித்திருந்தார். கூடினார்கள், கோஷம் போட்டார்கள், கலைந்தார்கள். மறுமாதம் தடை மசோதா மாநில செனட் குழுவில் செத்தது. ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர்கள் நால்வரே எதிர்த்து வாக்களித்ததால் செத்தது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. 1995-இல் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற டிமோதி மெக்வேயின் ஆத்திரத்தில், ஒரு மதக்குழுவின் மீது மைய அரசு நடத்திய வேக்கோ முற்றுகையோடு துப்பாக்கிச் சட்டங்களுக்கும் பங்கு இருந்தது. ஒன்றிரண்டு பேரின் கொடூரம் எப்போதும் நடக்கக்கூடியது. ஆனால் அவனுக்குப் பின்னால் எந்தப் படையும் வரவில்லை.

ஒன்றைக்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்கிற வாதத்துக்கு ஆஸ்திரேலியாதான் பதில். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு 12 நாள் ஆன நிலையில் பிரதமர் ஜான் ஹோவர்ட் மாநிலங்களைத் தடைக்குச் சம்மதிக்க வைத்தார். இடதுசாரி அல்ல, கிராமப்புற வாக்குகளை நம்பி நின்ற பழமைவாதக் கூட்டணியின் தலைவர். அந்த ஜூன் மாதம் விக்டோரியா மாநிலத்தின் சேல் என்ற ஊரில் கோபத்தோடு கூடியிருந்த துப்பாக்கிக்காரர்களிடம் பேசப் போனபோது, கோட்டுக்குள் குண்டு துளைக்காத அங்கி அணிந்திருந்தார். புடைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. கூச்சலிட்டார்கள், ஒருவரும் சுடவில்லை. அந்த அங்கியை அணிந்தது தவறு என்று பின்னாளில் அவரே வருத்தப்பட்டார். இந்தக் கட்டுரை மறுக்க நினைக்கும் பயத்துக்கு அந்த அங்கியைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியவில்லை.

அரசு சும்மா பிடுங்கவில்லை, விலை கொடுத்தது. மருத்துவ வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 சதவீதம் உயர்த்திப் பணம் திரட்டினார்கள். 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்து உடைக்கப்பட்டன. நியூசிலாந்திலும் கிட்டத்தட்ட அதே கதை. கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட 2019-இல், நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற கணக்கில் தடையை நிறைவேற்றியது. ஆண்டு முடிவதற்குள் சுமார் 56 ஆயிரம் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. எல்லாம் வந்துவிட்டனவா? யாருக்கும் தெரியாது. மொத்தம் எத்தனை என்ற கணக்கே அன்று அரசிடம் இருக்கவில்லை.

அப்படியானால் கோபம் எங்கே போயிற்று? வாக்குப்பெட்டிக்குப் போயிற்று. 1998-இல் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி, தொடங்கி ஓராண்டு கடந்திருந்த நிலையில், கிட்டத்தட்ட 23 சதவீத வாக்கும் 11 இடங்களும் வாங்கியது. குடியேற்றம், விவசாய நெருக்கடி என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பறிபோன துப்பாக்கியின் வடு கிராமத்தில் ஆறியிருக்கவில்லை. நியூசிலாந்தில் அந்த ஒற்றை எதிர்வாக்கைப் போட்டவர் ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோர். அன்று அவர் ஒருவர்தான் அக்கட்சியின் உறுப்பினர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பத்துப் பேர் ஆனார்கள். அவர்களில் ஒருவரான நிக்கோல் மெக்கீ, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களின் அமைப்புக்காகப் பேசிவந்தவர். 2023-இல் ஆட்சி மாறியபோது துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது. நாலாண்டு பொறுத்திருந்து அமைச்சராக வந்து உட்காருவதைவிடச் சரியான பதிலடி துப்பாக்கிச் சங்கத்துக்கு வேறு என்ன இருக்க முடியும்?

அமெரிக்கா ஆஸ்திரேலியா அல்ல என்பார்கள். சரிதான், அல்ல. ஆனால் வேறுபாட்டைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அமெரிக்கன் வீரன், ஆஸ்திரேலியன் சாது என்பதல்ல விஷயம். யாரிடம் எது இருக்கிறது என்று அமெரிக்க மைய அரசுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் பதிவேட்டை உருவாக்கவே கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண்ணே இருக்கும். அதனால்தான் தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள் என்று சொல்ல முடிகிறது. அமெரிக்காவில் தெரியாததை யார் போய்க் கேட்பது?

ஆக, அங்கே நடப்பது மௌனம். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க் 2013 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்தது. கையில் இருக்கும் ரைஃபிளை வைத்துக்கொள்ளலாம், பதிவு மட்டும் செய்ய வேண்டும். மாநிலத்தில் 10 லட்சம் இருக்கலாம் என்று துப்பாக்கித் தொழில்துறையே மதிப்பிட்டிருந்தது. பதிவானவை சுமார் 44 ஆயிரம். அந்த எண்ணிக்கையைக்கூட அரசு வெளியிடாமல் வைத்திருந்து, வழக்குக்குப் பிறகுதான் சொன்னது. இல்லினாயில் துப்பாக்கி அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் 24 லட்சம். 2024 ஜனவரி 1-க்குள் பதிவு செய்ய வந்தவர்கள் 30 ஆயிரத்தைத் தொடவில்லை.

இதைக் காட்டி, பாருங்கள் புரட்சி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டை வைத்திருக்கும் எல்லோரிடமும் அந்த வகை ரைஃபிள் இருக்காது. சிலர் பக்கத்து மாநிலத்தில் விற்றிருப்பார்கள். சிலருக்குச் சட்டமே தெரியாது. மிச்சம் இருப்பவர்கள் அலமாரியைப் பூட்டிவிட்டு வாயையும் பூட்டிக்கொண்டார்கள். புரட்சிக்காரன் கொடி பிடிப்பான். இவர்களோ அண்டை வீட்டுக்காரருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அதுவரை ஒரு போக்குவரத்து அபராதம்கூடக் கட்டியிராத ஆள் குற்றவாளி ஆகிவிடுவார்.

இன்னொரு கூட்டம் சட்டத்தை மீறவே இல்லை; உளியையும் திருப்புளியையும் எடுத்தது. 1994 சட்டம் சில ரைஃபிள்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றை உறுப்புகளை வைத்து அடையாளம் கண்டது: மடக்கும் கட்டை, பிஸ்டல் கைப்பிடி, பயனெட் கத்தி மாட்டும் கொக்கி, குழல் முனையில் தீச்சுடரை மறைக்கும் பாகம் என்று ஒரு பட்டியல், கழற்றி மாட்டும் மேகசினோடு இவற்றில் இரண்டு சேர்ந்தால் தடை. கோல்ட் நிறுவனம் கத்திக் கொக்கியையும் சுடர் மறைப்பையும் எடுத்துவிட்டு, வேறு பெயர் வைத்து அதே ரைஃபிளை விற்றது. கலிபோர்னியாவில் கதை இன்னும் வேடிக்கை. கருவி இல்லாமல் மேகசினைக் கழற்ற முடியாவிட்டால் அது கழற்றும் மேகசின் அல்ல என்றது விதி. தோட்டாவின் முனையும் கருவிதான் என்று அதே விதி ஒப்புக்கொண்டது. உடனே தோட்டா முனையால் அழுத்தினால் மட்டும் விடுபடும் பொத்தான் ஒன்று சந்தைக்கு வந்தது. பெயரே புல்லட் பட்டன். அந்தச் சந்தை அடைபட 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.

வீடு வீடாகச் சோதனை என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன அமெரிக்கத் தடைகளில் எதுவும் அதற்கு ஆணையிடவில்லை; ஏற்கெனவே வாங்கியவற்றைப் பெரும்பாலும் விட்டுவைத்தன. ஆணையிட்டிருந்தாலும் போகிற ஆள் யார்? மாவட்டக் காவலுக்குப் பொறுப்பான ஷெரிஃப் அங்கே மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். இல்லினாயில் பெரும்பாலான ஷெரிஃப்கள் இந்தச் சட்டத்துக்காக யார் வீட்டையும் தட்ட மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். சுடப்படப் போகும் போலீஸ்காரரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவர் காரைவிட்டே இறங்கப் போவதில்லை.

போர் வரும் என்ற பேச்சின் உண்மையான கேடு இதுதான். துப்பாக்கிக்காரருக்கு அது இலவசமாகத் தியாகிப் பட்டம் தருகிறது. சட்டம் எழுதுகிறவரையோ தவறான பக்கம் பார்த்துப் பயப்பட வைக்கிறது. அவர் பயப்பட வேண்டியது பூட்டிய அலமாரிக்கும், பட்டறையில் இருக்கும் திருப்புளிக்கும், அடுத்த தேர்தலுக்கும்; எல்லாவற்றுக்கும் மேலாக வக்கீலுக்கு. விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடும் யாரிடம் எது இருக்கிறது என்ற கணக்கும் இல்லாமல் எழுதப்படும் தடை, கலவரத்தால் அல்ல, யாரும் கண்டுகொள்ளாததால் தோற்கும்.

ஓர் உதாரணம்: லாஸ் வேகாஸ் இசைவிழாவில் நடந்த படுகொலைக்குப் பிறகு, ரைஃபிளை இயந்திரத் துப்பாக்கிபோல் படபடவென்று சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற பாகத்தை டிரம்ப் அரசு தடை செய்தது. 2019 மார்ச்சுக்குள் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும். லட்சக்கணக்கில் விற்றிருந்தது, மைய அரசின் துப்பாக்கித் துறைக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்துக்கும் குறைவு. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டையும் கொண்டுபோய் ஒப்படைத்தார். ஒப்படைத்த கையோடு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தடையை ரத்து செய்தது.