ரெண்டு வளையமும் ரெண்டு மாத்திரையும்

'பாக்டீரியா ரெண்டாகப் பிளந்து பெருகும்' என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். விஷயம் அவ்வளவு சுலபமில்லை மக்களே.

ஈ.கோலையை எடுத்துக்குங்க. உடம்பு நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். உள்ளே இருக்கிற வட்டக் குரோமோசோமை நீட்டினால் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்! நகல் எடுத்து முடிக்கும்போது பழசும் புதுசும் சங்கிலிக் கண்ணி மாதிரி கோத்துக்கொண்டு நிற்கும். சிவகாசிச் சரவெடி ரெண்டு சிக்கினால் முனையைத் தேடி உருவிடலாம். வளையத்துக்கு ஏது முனை?

அதற்குத்தான் டோபோஐசோமரேஸ் 4 என்ற நொதி. 1990-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை அந்த இடைவெளி வழியா விட்டு, திரும்ப ஒட்டிவிடும். அப்புறம்தான் ஆளுக்கொரு பக்கம்.

பட்டாசு ஊர்க்காரனுக்கு இது எதுக்குன்னா, "அண்ணாச்சி, வயித்தால போகுது, ரெண்டு சிப்ரோ குடுங்க" என்று மெடிக்கல்ல கேட்கிறோமே, அந்த சிப்ரோஃப்ளாக்சசின் கை வைப்பது இங்கேதான். இந்த நொதியையும் இதன் பங்காளி ஜைரேஸையும், வெட்டினதை ஒட்டவிடாமல் பிடித்து வைக்கும். பாக்டீரியா காலி.

ஆனா அந்த நொதிகளோட ஜீனில் ஓரிரு எழுத்து மாறினாலே பிடி நழுவும். தேவையில்லாமல் முழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் மாறாததைக் கொன்று, மாறினதுக்கு இடம் விடுது. இந்தியாவில் டைபாய்டுக்கு சிப்ரோ பெரும்பாலும் கேட்காமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே பெரும்பாலும் போதும். டாக்டர் சீட்டு கேட்கிற மெடிக்கல்காரரைத் திட்டாதீங்க. அவர்தான் நம்ம ஆளு.