ஒப்பந்தம் முதலில், கொடி பிறகு!

தென்னூர் உழவர் சந்தையில் காலை ஒன்பது மணிக்கு மேல் சற்று நின்று பாருங்கள். கூடையில் பாதிப் பழம் மிஞ்சிய விவசாயியின் முகம் வெயில் ஏற ஏற வாடத் தொடங்கும். பலகையில் எழுதிய விலை எதுவானாலும், மிஞ்சிய பழம் நாளைக்குக் காத்திருக்காது. 1999-ல் வந்த உழவர் சந்தைத் திட்டம் இடைத்தரகரை ஓரளவு விலக்கியது உண்மை. ஆனால் மிஞ்சும் விளைச்சலுக்கு அது வழி சொல்லவில்லை. அந்த வழியைத் தேடிப் போன நாசிக் திராட்சை விவசாயிகளின் அனுபவம் நமக்கும் பாடமாகும்.

குளிர் நாட்டுக் கொடி

கோதாவரி உற்பத்தியாகும் நாசிக் மாவட்டத்தில், 1997-ல் ராஜீவ் சாமந்த் என்பவர் தம் குடும்ப நிலத்தில் ஷெனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் என்ற இரு இரகங்களை நட்டார். இரண்டும் பிரான்சு நாட்டின் குளிர்ப் பகுதியில் வெள்ளை ஒயினுக்குப் பேர்போனவை. தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கித் தோட்டத்துக்குச் சூலா என்று பெயர் வைத்தார். 2000-ல் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. இன்று நாட்டின் மிகப் பெரிய ஒயின் நிறுவனம் அதுதான்.

வெயில் நாட்டில் குளிர் நாட்டுப் பயிர் எப்படித் தேறியது? சூட்சுமம் கவாத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் கொடி கோடையில் காய்த்து, குளிர்காலத்தில் உறங்கும். நாசிக்கிலோ மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால், அந்த மாதங்களில் இரவு குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரில்தான் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கும். புளிப்பு போனால் வெள்ளை ஒயின் சப்பென்று ஆகிவிடும். பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றைக் குளிரூட்டிய தொட்டியில் நிதானமாகப் புளிக்க வைக்கிறார்கள்.

ஆழம் தெரியாமல் கால் விட்டவர்கள்

2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்தது. ஆலைகள் பெருகின, விவசாயிகளும் ஒயின் இரகங்களைப் போட்டி போட்டு நட்டார்கள். 2008-ல் உலகப் பொருளாதார மந்தமும், அவ்வாண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதலும் வந்தன. ஓட்டல்களில் கூட்டம் குறைந்தது, ஒயின் தேங்கியது, வாங்குவோர் பின்வாங்கினார்கள். ஒயின் திராட்சை சிறுத்தது, விதை உள்ளது, தோல் தடித்தது. அதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் சீந்துவார் இல்லை. பலர் வளர்த்த கொடியைத் தாங்களே பிடுங்கினார்கள்.

ஆலை ஒன்றையே நம்பிய பயிர், ஒற்றைக் காலில் நிற்கும் பந்தல். இதுவே என் கருத்து.

நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது பழமாகவும் விற்கும். சாறு, ஜாம், ஒயின் என்று பதனிடவும் உதவும். ஆலை கைவிட்டாலும் சந்தை உண்டு. நம் பூவன் வாழையும் அப்படித்தான். பழம் விலை போகாத வாரத்திலும் இலை காசு கொடுக்கும். சிறு விவசாயி இத்தகைய இரண்டு கால் பயிரைத்தான் நம்ப வேண்டும்.

மதுவால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ட நம் ஊரில் ஒயின் ஆலை கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் விளையும் இடத்திலேயே பதனிட வேண்டும் என்ற பாடத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 1993 முதல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை மாவு, சாறு, உலர்பழம் எனப் பலவற்றுக்கும் அங்கு தொழில்நுட்பம் உண்டு. ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி விவசாயிகள் பத்துப் பேராகச் சேர்ந்து போய்க் கேட்கலாமே.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்த ஆலைக்காரர் வந்து புது இரகம் நடச் சொன்னாலும், கன்று வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். தரத்தை யார், யார் முன்னிலையில் அளப்பார்? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? சரக்கை வாங்க மறுத்தால் நஷ்டஈடு எவ்வளவு? ஆலை நொடித்தால் அதே விளைச்சலை வேறு எங்கே விற்கலாம்? முதல் மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரவேண்டும். நான்காவதற்குப் பதில் நம் கையில் இருக்கவேண்டும்.

கொடியை நட ஒரு நாள் போதும். பிடுங்கும் நாளில் போவதோ பல வருட உழைப்பு.