கால் எட்டாத படி

போன திங்கட்கிழமை காலை, மதுரையை அடுத்த சமயநல்லூர் பஸ் ஸ்டாப். டவுன் பஸ் வந்து நின்றதும் என் முன்னால் ஒரு பாட்டி. கையில் மஞ்சள் பை, அதற்குள் ஆஸ்பத்திரி நோட்டும் மாத்திரை அட்டைகளும். வலது காலைத் தூக்கினார், படி எட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார். அதுவும் ஆகவில்லை.

"வெரசா ஏறு ஆத்தா."

"ஏறத்தானய்யா பாக்குறேன். முழங்காலு மடங்க மாட்டேங்குது."

பின்னால் நின்ற கல்லூரிப் பெண் இடுப்பில் கைகொடுத்து ஏற்றிவிட்டாள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் காசில்லை. மகனிடமோ மருமகளிடமோ கையேந்தாமல் கிளம்ப முடிகிறதே, அருமையான திட்டம்தான். ஆனால் டிக்கெட்டை நீக்க ஓர் உத்தரவு போதும். படியைத் தாழ்த்த பஸ்சையே மாற்ற வேண்டும். சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்துகளை விட்டார்கள், அதுவும் மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டுப் படி ஏறிய பிறகு.

பாட்டி பக்கத்தில் இடம் கிடைத்தது. எத்தனை பிள்ளைகள் என்றேன். "ரெண்டே ரெண்டுதான். மகன் ஓசூர்ல, மக கோயம்புத்தூர்ல." சுவரெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலத்தில் பெற்றவர். சொன்ன பேச்சைக் கேட்டவர்.

அப்படிக் கேட்டவர்களால்தான் 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. மக்கள் தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். 2011-ல் நூறு பேரில் பத்துப் பேர் அறுபதைத் தொட்டவர்கள். 2031-ல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்கிறது மத்திய அரசின் நிபுணர் குழு. 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதல்வர் ஸ்டாலின், பதினாறு பெற்றால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். வேடிக்கைக்குள், மக்கள் தொகை குறைந்தால் எம்.பி. தொகுதியும் குறையுமே என்ற கவலை இருந்தது. 1967-ல் நம் எம்.பி.க்கள் 41-லிருந்து 39 ஆனது இங்கே இன்னும் ஆறாத புண். அது டெல்லிக் கணக்கு, இருக்கட்டும். இன்றைக்கே பிள்ளை பிறந்தாலும் அது வளர்ந்து ஒரு கிழவியை பஸ்சில் ஏற்றிவிட இருபது வருஷம் ஆகுமே!

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதுமையைப் புரிந்துகொண்ட திட்டம் என்று அதைத்தான் சொல்வேன். கண்புரை ஆபரேஷன் மட்டும் வீடு தேடி வராது. பாட்டி அதற்காகத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்.

பரவை, விளாங்குடி தாண்டி பாத்திமா காலேஜ் ஸ்டாப்பில் அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பாட்டி அவள் துப்பட்டாவைப் பிடித்தார்.

"நீ பாட்டுக்குப் போயிட்டா என்னைய யாரு தாயி இறக்கிவிடுவா?"