எல்லைக்கோடும் ஐம்பது ஆண்டு மௌனமும்

2025 ஜூலை மாதம் தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள்கள் கடும் மோதலில் ஈடுபட்டன. மலேசியாவின் முயற்சியால் ஏற்பட்ட போர்நிறுத்தம் நிலைக்கவில்லை. டிசம்பரில் மீண்டும் குண்டுகள் விழுந்தன. எல்லையோரக் கிராமங்களைச் சேர்ந்த லட்சக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

சுமார் 800 கி.மீ. நீளமுள்ள அந்த எல்லையில் சர்ச்சைக்குரியவை சில பழங்கோயில்களும் அவற்றைச் சுற்றியுள்ள குன்றுகளும்தான். இதற்காகவா போர் என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன்பாக நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று கருதுகிறேன். ஒரு நாட்டின் எல்லை என்று சட்டம் எதைக் கொள்கிறது? மலை முகட்டையா, முள்வேலியையா, காவல் நிற்கும் படைவீரரையா?

விடை தேட வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. இதே எல்லையில் உள்ள பிரியா விகார் என்னும் சிவன் கோயிலின் வழக்கே போதும்.

கம்போடியா அன்று பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1904-இல் பிரான்ஸும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. டாங்கிரெக் மலைத்தொடரில் மழைநீர் இருபுறமும் பிரிந்து வடியும் முகடே எல்லை என்றது அது. பின்னர், சயாம் அரசின் வேண்டுகோளின்படி பிரெஞ்சு அதிகாரிகள் 1907-இல் வரைபடம் தயாரித்தனர். அதில் கோயில் கம்போடியப் பக்கத்தில் இருந்தது.

1908-இல் வரைபடத்தைப் பெற்றுக்கொண்ட சயாம் மறுப்பு எதுவும் கூறவில்லை. கூடுதல் பிரதிகளைக் கேட்டு வாங்கியது. 1930-இல் சயாம் இளவரசர் டாம்ரோங் அந்தக் கோயிலுக்குச் சென்றபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி அவரை வரவேற்றார். அப்போதும் எதிர்ப்புக் குரல் எழவில்லை.

பிரான்ஸ் வெளியேறிய பிறகு கோயிலைத் தாய்லாந்து தன் வசப்படுத்தியது. கம்போடியா 1959-இல் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. உடன்படிக்கை சொல்வது முகட்டுக்கோட்டை. வரைபடமோ அதிலிருந்து விலகுகிறது. எனவே அது தவறு என்று தாய்லாந்து வாதிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான வாதமே.

1962 ஜூன் 15-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கம்போடியாவுக்கு ஆதரவாகவும் மூவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். உண்மையான முகடு எங்கே இருக்கிறது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. வரைபடத்தைத் தாய்லாந்து ஏற்றுக்கொண்டதா என்பதே அதன் கேள்வி. பேச வேண்டிய தருணத்தில் பேசாமல் இருந்த அரை நூற்றாண்டு மௌனம், ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது.

எல்லையின் சட்டப் பொருள் இங்கே தெளிவாகிறது. இயற்கை தரும் அடையாளங்கள் எல்லையை வரையத் துணைபுரியும். ஆனால், எல்லையாக்குவது இரு நாடுகளின் ஒப்புதல். ஒப்புக்கொண்ட பிறகு, பிழை கண்டுபிடிக்கும்போதெல்லாம் கோட்டை நகர்த்த முடியுமானால், எந்தக் கோடும் எல்லையாக நிலைக்காது.

சூழ்நிலைகள் அடிப்படையிலேயே மாறிவிட்டன என்று காரணம் காட்டி எல்லை உடன்படிக்கையை முறிக்க முடியாது என்று 1969-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் கூறுவதும் இதனால்தான். ஆப்பிரிக்கத் தலைவர்கள், ஐரோப்பியர் வரைந்த கோடுகளின் அநீதியை அறிந்திருந்தும், விடுதலை பெற்றபோது இருந்த எல்லைகளை மதிப்பதென்று 1964-இல் கெய்ரோவில் முடிவெடுத்தனர். திருத்தத் தொடங்கினால் முடிவே இராது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

அப்படியானால் தீர்ப்புக்குப் பிறகும் ஏன் மோதல்? 1962-இன் தீர்ப்பு கோயிலைப் பற்றியது. 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியதைத் தொடர்ந்து மோதல்கள் வெடித்தன. 2013-இல் நீதிமன்றம் விளக்கம் அளித்து, கோயில் அமைந்த மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்றது. ஏனைய எல்லையைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. அதை அளந்து, கல் நட்டு உறுதிசெய்யும் பணி இரு நாடுகளின் கூட்டு எல்லை ஆணையத்திடமே உள்ளது.

தா மோன் தோம் உள்ளிட்ட நான்கு இடங்கள் குறித்துக் கம்போடியா மீண்டும் சர்வதேச நீதிமன்றத்தை நாட முற்பட்டது. அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்பைத் தாய்லாந்து ஏற்கவில்லை. ஒப்புதல் இல்லாத நாட்டை அந்த நீதிமன்றம் விசாரிக்க இயலாது. எல்லைக்கு மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் ஒப்புதலே அடித்தளம் என்பது சர்வதேசச் சட்டத்தின் வலிமையும் பலவீனமும் ஆகும்.

காலனிய அதிகாரிகள் வரைந்த கோடு ஏன் எங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தாய்லாந்து மக்களின் மனக்குறையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால், கோடு பிழையானது என்பதைவிடக் கோடே இல்லை என்பது கொடியது. கோடு உறுதியாக இருந்தால் அதன் இருபுறமும் விவசாயி உழலாம், சந்தை கூடலாம். அது ஐயத்துக்குரியதாகும்போது முதலில் ஊரைக் காலி செய்பவர் அந்த விவசாயிதான்.

தலைநகரங்களில் தேசப்பற்று முழக்கம் எழுப்புவது எளிது. அளவுக்கருவியுடன் காட்டில் நடந்து, ஒவ்வோர் எல்லைக்கல்லாக இரு தரப்பும் கையெழுத்திடுவது கடினம். அந்தக் கடினமான பணி முடியும் வரை, போர்நிறுத்தங்கள் வெறும் இடைவேளைகளாகவே இருக்கும்.