தராசுக்கு முத்திரை உண்டு, கணனிக்கு?

எமது கடைத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்திக் கொள்கின்றோம். இரவில் கடை அடைக்கும் முன்னர் பணப்பெட்டியை எண்ணிப் பார்க்கின்றோம். கதவுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகின்றோம். ஆனால் இன்று எமது கொடுக்கல் வாங்கலில் பெரும் பகுதி நடக்கின்ற கணனியின் இணைப்பு எந்த வழியாக, யாருடைய கையைத் தாண்டி வங்கிக்குப் போகின்றது என்பதை எம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது பார்த்திருப்போம்? நானும் பார்க்காதவர்களில் ஒருவனாகவே இருந்தேன். ஒரு பாடம் படித்த பின்னரே பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பாடத்தை வியாபாரச் சகோதரர்களோடு பகிர்ந்து கொள்ளலாம் என நினைக்கின்றேன்.

2019ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முந்திய காலம். அந்த வருடம் ஏப்ரல் 21க்குப் பின்னர் காத்தான்குடியிலே எமது வியாபாரம் பட்ட பாட்டை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. நோன்புப் பெருநாள் வியாபாரம் கையை விட்டுப் போயிருந்தது. கொழும்பில் சரக்குத் தருபவர்கள் கடன் தர யோசித்துக் கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக எனக்குப் புடவை தருகின்ற புறக்கோட்டை முதலாளி ஒருவர் மட்டும், "வெள்ளிக்கிழமைக்குள் பழைய பாக்கியில் பாதியைப் போட்டு விடுங்கள், சனிக்கிழமை லொறியில் சரக்கு ஏற்றி விடுகின்றேன்" என்று வாக்குத் தந்திருந்தார். பணமும் கணக்கில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணனியைத் திறந்தால் வங்கிப் பக்கம் வரவில்லை. வேறு எந்தப் பக்கமும் வரவில்லை. கையடக்கத் தொலைபேசியில் அதே வைஃபையில் எல்லாம் வருகின்றது. இணைப்புத் தருகின்ற நிறுவனத்துக்கு அழைத்தேன். "உங்கள் லைன் சரியாக உள்ளது" என்றார்கள். எனக்கோ கோபம் தலைக்கேறியது. கண்டபடி ஏசிவிட்டு ரவுட்டரை நாலைந்து தரம் நிறுத்திப் போட்டேன். ஜும்ஆ முடிந்து வங்கிக்கு ஓடிப் போவதற்குள் கதவு அடைத்து விட்டார்கள். சனிக்கிழமை லொறி வந்தது, என்னுடைய சரக்கு அதில் இல்லை. வாக்குத் தவறியவன் என்ற பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருமகன் கடைக்கு வந்து கணனியின் முன்னால் அமர்ந்தார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. "மாமா, உங்கட கணனி ப்ரொக்சி வழியாகப் போகுது. யார் போட்டது?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. கடையில் பில் போடுகின்ற தம்பியைக் கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "காக்கா, ஏப்ரல் மாதம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் அடைச்ச நேரம் ஒரு இலவச விபிஎன் போட்ட நான். பிறகு அழிச்சிட்டேனே." மென்பொருளை அழித்திருக்கின்றார். அது மாற்றி வைத்த இணைப்பு அமைப்பு அழியவில்லை. எந்த நாட்டில் யார் வைத்திருக்கின்றார் என்று தெரியாத ஓர் இயந்திரத்தின் வழியாகவே எனது கடையின் போக்குவரத்து மூன்று மாதமாக ஓடியிருக்கின்றது. அந்த இயந்திரம் நின்று போன அன்றுதான் எமக்குத் தெரிய வந்தது. அது நிற்காமல் இருந்திருந்தால் இன்று வரை தெரிந்திருக்காது.

தம்பியை நான் குறை சொல்லவில்லை. 2018 மார்ச் மாதம் திகன வன்முறையின் போதும், 2019இலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை அடைத்த வேளைகளில் விபிஎன் பாவித்தவர்கள் எத்தனையோ பேர். உறவினர் எப்படி இருக்கின்றார்கள் என்று அறிய அதுவே வழியாக இருந்தது. குறை என்னுடையது. கணனியை வாங்கித் தந்த நாளிலிருந்து அதன் இணைப்பு எப்படி அமைக்கப்பட்டுள்ளது என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

இது எமது ஊரில் மட்டும் நடக்கின்ற விடயமும் அல்ல. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு மோசடிக் கும்பலைப் பற்றி அறிவித்தது. எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் பரப்பிய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சு மென்பொருள் சுமார் 100 நாடுகளில் 40 இலட்சம் அளவான கணனிகளில் ஒரேயொரு அமைப்பை மட்டும் மாற்றியது. அதுதான் டிஎன்எஸ். கும்பலின் இயந்திரங்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேரும் இணையமின்றித் தவிப்பார்கள் என்பதால், நீதிமன்ற உத்தரவின் பேரில் அவற்றுக்குப் பதிலாக வேறு இயந்திரங்களை 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியதாயிற்று. அதே காலப்பகுதியில் பிரேசிலில் சுமார் 45 இலட்சம் மொடம்களின் டிஎன்எஸ் மாற்றப்பட்டு, மக்கள் போலி வங்கிப் பக்கங்களுக்குத் திருப்பி விடப்பட்டார்கள். கணனியில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தும், மாற்றம் மொடத்தில் இருந்தபடியால் பலருக்குத் தெரிய வரவில்லை.

டிஎன்எஸ் என்றால் என்ன? கிட்டத்தட்ட தொலைபேசி விபரக் கொத்துத்தான். நாம் வங்கியின் பெயரைத் தட்டுகின்றோம், அந்தப் பெயருக்குரிய எண்ணை டிஎன்எஸ் தேடித் தருகின்றது. விபரக் கொத்தையே ஒருவன் மாற்றி வைத்து விட்டால், நாம் சரியான பெயரைத் தட்டினாலும் தவறான வாசலில் போய் நிற்போம். வங்கிகள் தகவலைப் பூட்டுப் போட்டே அனுப்புகின்றன என்பது உண்மை. நடுவில் நிற்பவன் எல்லாவற்றையும் வாசித்துவிட முடியாது. ஆனால் "இந்தப் பக்கம் பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கை வரும்போது, வாடிக்கையாளர் காத்திருக்கின்றார் என்ற அவசரத்தில் தொடர்ந்து போக அழுத்தினால், பூட்டை நாமே திறந்து கொடுத்தவர்களாவோம்.

முன்னர் ஒரு காசோலை எழுதினால் அது மாறுவதற்குள் நிறுத்திக் கொள்ள அவகாசம் இருந்தது. 2015இல் சீஃப்ட்ஸ் முறை வந்த பின்னர் ஒரு வங்கியிலிருந்து மற்றைய வங்கிக்குப் பணம் சில விநாடிகளில் போய்ச் சேர்கின்றது. இது வியாபாரத்துக்குப் பெரும் வசதி. அதே வேகத்தில் தவறான கைக்குப் போனால் திருப்பி எடுப்பது மிகவும் கடினம்.

ஆகவே எனது கருத்து இதுதான். கணனி பழுது பார்ப்பது தொழில்நுட்பவியலாளரின் வேலையாக இருக்கலாம். இணைப்பு அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்திருப்பது கடை முதலாளியின் வேலை. மூன்று அல்லது நான்கு விடயங்களைத் தெரிந்து கொண்டால் போதுமானது.

வின்டோஸ் கணனியில் செட்டிங்ஸ் பகுதிக்குள் நெட்வேர்க் என்றொரு பிரிவு உண்டு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரி. வீட்டிலும் கடையிலும் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் கணனிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது கம்பியையும் அது செருகியிருக்கும் இடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் எமது பகுதியின் உப்புக் காற்றுக்குச் செருகியின் செப்பு முனைகள் சீக்கிரம் பழுதாகி விடுகின்றன.

இரண்டாவது கேட்வே. அது உங்கள் ரவுட்டரின் முகவரி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி மின்னலுக்கு ரவுட்டர் எரிந்து போவது எமக்குப் பழகிய சங்கதி. புதிய ரவுட்டர் வந்ததும் அதன் முகவரி வேறாக இருந்தால், பழைய முகவரியை நிலையாகப் பதிந்து வைத்த பில் இயந்திரமும் கமராப் பெட்டியும் வேலை செய்யாது. அவை பழுது என்று எண்ணிப் புதிதாக வாங்கியவர்களை நான் அறிவேன். சில வேளைகளில் இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரியைக் கொடுத்து விடுவதாலும் ஒன்று வேலை செய்ய மற்றது நின்று விடும்.

மூன்றாவது டிஎன்எஸ். அங்கே ரவுட்டரின் முகவரியோ, இணைப்புத் தரும் நிறுவனத்தின் எண்ணோ இருக்க வேண்டும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்றவற்றைத் தெரிந்தே போட்டிருந்தாலும் சரி. யார் போட்டது என்று தெரியாத எண் இருந்தால் கேளுங்கள். கணனியில் மட்டுமன்றி ரவுட்டருக்குள்ளும் பாருங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தால் அன்றே மாற்றி விடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதாயின் விருந்தினருக்கென வேறாக ஒன்றை ஏற்படுத்துங்கள். கணக்குப் பார்க்கின்ற கணனி இருக்கும் வைஃபையில் எல்லோரையும் சேர்க்க வேண்டாம்.

நான்காவது ப்ரொக்சி. எம்மைப் போன்ற கடைகளுக்கு அது பொதுவாகத் தேவையில்லை, நிறுத்தப்பட்டே இருக்க வேண்டும். என்னைப் போல் அது ஓடிக் கொண்டிருக்கக் கண்டால், அதை நிறுத்திவிட்டு, கணனியைச் சோதித்து, சுத்தமான வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் அறிவியுங்கள். நானும் அவ்வாறே செய்தேன். அல்ஹம்துலில்லாஹ், கணக்கில் பணம் குறையவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கணக்குப் புத்தகத்தோடு வைத்துக் கொள்ளுங்கள். எல்லாம் சரியாக ஓடுகின்ற நாளில் எழுதினால்தான் பிழைத்துப் போகின்ற நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கணனி திருத்த வருகின்ற தம்பிமாரிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் மாற்றியதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். "சரியாக்கிட்டேன் ஹாஜியார்" என்ற வார்த்தை மட்டும் போதாது. மோட்டார் சைக்கிள் திருத்துபவர் கூட மாற்றிய சாமானின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருகின்றார் அல்லவா?

"எனக்கு வயது போய்விட்டது, இதெல்லாம் பிள்ளைகளின் வேலை" என்று சிலர் சொல்லக் கூடும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் முழ அளவையும் கெஜ அளவையும் விட்டு மீற்றருக்கு மாறினோம். ரசீதுக் கொப்பியை விட்டுக் கணனி பில்லுக்கு வந்தோம். நான்கு எண்களை வாசிப்பது அதை விடக் கடினமல்ல. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை வர்த்தக சங்கங்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கி இதைக் கற்றுக் கொடுத்தால் பலரும் பயன் பெறுவார்கள். மேலதிக உதவி தேவைப்படுவோருக்கு 2006ஆம் ஆண்டு முதல் இலங்கை கணனி அவசரப் பதிலளிப்புக் குழு இயங்கி வருகின்றது.

எமது கணனிக்குள் எமது பணம் மட்டும் இருக்கவில்லை. கடன் வாங்கியவர்களின் பெயர், கைமாற்றுத் தந்தவர்களின் தொகை, ஊழியரின் சம்பளக் கணக்கு, வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அமானிதமாக இருக்கின்றன. அமானிதத்தை வைத்த பெட்டியின் பின்கதவு திறந்து கிடப்பதை அறியாமலிருந்தேன் என்பது சொல்லித் தப்பக் கூடிய காரணமல்ல.

அந்தப் புறக்கோட்டை முதலாளி இரண்டு வாரம் கழித்துச் சரக்குத் தந்தார். ஆனால் முன்னைய நம்பிக்கை திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதற்கு நான் கொடுத்த விலையோடு பார்த்தால், ஒரு தாளும் பேனையும் எடுத்து நாளைக் காலை உங்கள் கணனியின் முன் அமர்வதற்குச் செல்லும் பத்து நிமிடம் ஒரு செலவே அல்ல.